முகமையின் கொள்கையா, குழந்தையின் மார்க்கமா?

பெற்றோரிடம் பாதுகாப்பு இல்லை என்று கண்டறிந்து ஒரு குழந்தையை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அன்று முதல் அக்குழந்தைக்கு அரசே காப்பாளர். பெற்றோர் திருந்தும் வரையிலோ, நிலையான ஏற்பாடு அமையும் வரையிலோ அதனை ஒரு குடும்பத்தில் ஒப்படைப்பதே வளர்ப்புப் பராமரிப்பு. அமெரிக்காவின் பல மாநிலங்களில், அத்தகைய குடும்பங்களைத் தேர்ந்து சான்றளிக்கும் பணியைத் தனியார் முகமைகளும் செய்கின்றன. அவற்றுள் பல கிறிஸ்தவத் திருச்சபைகளைச் சார்ந்தவை. அரசுப் பணம் பெறுபவை. தம் சமயக் கொள்கைக்கு ஒவ்வாதவர்களை இவை விலக்கலாமா என்பதே அங்கு நீதிமன்றம் வரை சென்ற கேள்வி.

2021 ஜூன் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதுபற்றி ஒரு தீர்ப்பளித்தது. ஒருபாலினத் தம்பதியருக்குச் சான்றளிக்க மறுக்கும் கொள்கை கொண்ட கத்தோலிக்க அமைப்புக்குக் குழந்தைகளை அனுப்புவதை ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் 2018இல் நிறுத்தியிருந்தது. அது தவறு என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர். மதத்தைத் தழுவி வாழும் அனைவருக்கும் கிடைத்த வெற்றி இது என்று நம்மவர்களிலும் சிலர் மகிழ்கின்றனர். திருமணம் பற்றிய நம் மார்க்கத்தின் நிலைப்பாடு தெளிவானது. அதில் நமக்குத் தயக்கம் ஏதுமில்லை. ஆனால் அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ளும் முன் இரண்டு உண்மைகளை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அத்தீர்ப்பின் அளவு மிகச் சிறியது. நகர நிர்வாகத்தின் ஒப்பந்தத்திலேயே, அதிகாரி விரும்பினால் விதிவிலக்கு அளிக்கலாம் என்ற வாசகம் இருந்தது. விலக்களிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மதக் காரணத்துக்கு மட்டும் அதை மறுப்பது முறையன்று என்பதே தீர்ப்பின் சாரம். மத முகமைகள் எவரையும் விலக்கலாம் என்ற பொது அனுமதி அதில் இல்லை.

இரண்டாவது உண்மை நம்மை நேரடியாகத் தொடுகிறது. தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில்லில் ‘மிராக்கிள் ஹில்’ என்னும் பெரிய முகமை உள்ளது. புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்களை மட்டுமே வளர்ப்புப் பெற்றோராக அது ஏற்றுவந்தது. மாநில ஆளுநரின் வேண்டுகோளின்படி, மதப் பாகுபாட்டைத் தடுக்கும் விதியிலிருந்து 2019 ஜனவரியில் மத்திய அரசு விலக்களித்தது. பின்னர் கத்தோலிக்கருக்கு அம்முகமை கதவைத் திறந்தது. யூதருக்குத் திறக்கவில்லை, முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2021 நவம்பரில் அடுத்த ஆட்சி அவ்விலக்கைத் திரும்பப் பெற்றது. ஓர் ஆட்சி தருவதை மற்றோர் ஆட்சி பறிக்கும். நாளை வேறோர் ஆட்சி மீண்டும் தரக்கூடும்.

டென்னசி மாநிலம் மத முகமைகளுக்குப் பாதுகாப்பளித்து 2020இல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே கிறிஸ்தவ முகமையொன்று தம்மை ஏற்க மறுத்ததாக, யூதத் தம்பதியர் ஒருவர் பின்னர் முறையிட்டனர். இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும். பிறரை விலக்குவதற்கென்று திறக்கப்படும் வழியில் முதலில் வெளியேற்றப்படுவோர் சிறுபான்மையினரே.

“வேறு முகமைக்குச் செல்லலாமே” என்பர். வாடகை வீடு கேட்டுச் சென்று, பெயரைச் சொன்னதும் “வீடு போய்விட்டது” என்ற பதிலோடு திரும்பிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! வேறு தெருவில் வீடு கிடைக்கும் என்ற ஆறுதல் அந்த அவமானத்தைத் துடைத்ததா? இங்கோ மறுப்பவர் சொந்த வீட்டின் உரிமையாளருமல்லர். நம் வரிப்பணத்தையும் சேர்த்துப் பெற்று, அரசின் சார்பில் அரசின் பணியைச் செய்பவர்.

பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் நமக்குப் பகையல்ல, கேடயம். வீட்டில் பன்றி இறைச்சியை அனுமதிக்க மாட்டார் என்பதற்காக, மேரிலாண்டில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு 2009இல் வளர்ப்புத் தாயாகும் உரிமம் மறுக்கப்பட்டது. மதத்தின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்னும் விதியைத் தவிர, அவர் கையிலெடுக்க வேறென்ன இருந்தது? நம்மைக் காக்க அவ்விதியை அழைப்பதும், பிறரைக் காக்கும்போது அதைப் பழிப்பதும் நீதியாகாது. நமக்கே பாதகமானாலும் நீதியில் நிலைத்திருக்கும்படி பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

அப்படியானால் மார்க்கத்துக்கு இதில் இடமே இல்லையா? உண்டு. ஆனால் அது முகமையின் மார்க்கமன்று, குழந்தையின் மார்க்கம். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, குழந்தையின் இனம், மதம், பண்பாடு, மொழி ஆகியவற்றை உரியவாறு கருத வேண்டும் என்கிறது. இஸ்லாமியச் சட்டத்தின் ‘கஃபாலா’வையும் பெயர் சொல்லியே அங்கீகரிக்கிறது. இங்கிலாந்தின் 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டமும் குழந்தையின் மதத்தைக் கருதும் கடமையை உள்ளாட்சி அமைப்புகளின்மீது சுமத்துகிறது. முஸ்லிம் குழந்தை தொழுகையும் ஹலால் உணவும் உள்ள வீட்டில் வளர வேண்டும். கிறிஸ்தவக் குழந்தைக்கும் யூதக் குழந்தைக்கும் அதே உரிமை வேண்டும். நாம் கேட்க வேண்டியது இதுவே.

இதைக் கேட்கும் தகுதி நமக்கு எப்போது வரும்? நம் வீட்டுக் கதவு திறந்திருக்கும்போது. முஸ்லிம் வளர்ப்பு இல்லங்கள் போதாமையால் நம் குழந்தைகள் பிற இல்லங்களுக்குச் செல்வது மேலைநாடுகளில் நெடுநாளைய குறை. அந்நாடுகளில் குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதில் பங்குண்டு. தத்தெடுத்துத் தம் பெயரை இடுவதைத்தான் இஸ்லாம் தடுத்தது. ஆதரித்து வளர்ப்பதைத் தடுக்கவில்லை. குழந்தையின் வம்சப் பெயரை மாற்றாத வளர்ப்புப் பராமரிப்பு நம் மார்க்கத்துக்கு மிக நெருக்கமானது. மஹ்ரம் பற்றிய ஐயம் எழுமாயின் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவோம். குழந்தையின் வயதையும் பாலையும் முன்பே சொல்லி விண்ணப்பிப்போம். ஐயத்தையே சாக்காக்கி ஒதுங்கிவிட வேண்டாம்.

தாமே யதீமாக வளர்ந்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். தாய் தந்தை உயிரோடிருந்தும் ஆதரவற்று நிற்கும் இக்குழந்தைகளின் நிலை யதீம்களின் நிலையினும் எளிதன்று. பிறர் கதவை மூடும் உரிமைக்காக வாதாடுவது நம் வேலையன்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு குடும்பமேனும் பதிவு செய்ய முன்வரட்டும். அல்லாஹ் அதற்குத் துணை நிற்பானாக.