உடலுள் ஒலிக்கும் மணி

வைகறையில் எழுதல் நம் முன்னோர் போற்றிய நல்லொழுக்கம். அதனை மறுப்பது எனது நோக்கமன்று. ஆயின், அதிகாலையிற் கண்விழிக்க இயலாது தவிக்கும் பதினாறு வயது மாணவனைச் சோம்பேறி என்னும் ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் முறையாகுமா? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஒழுக்க நூல்கள் மட்டும் போதா. உயிரியலையும் கேட்டல் வேண்டும்.

1971ஆம் ஆண்டிற் கொனொப்கா, பென்சர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், பழ ஈயின் ஒரு பரம்பரையலகு மாறுபட்டால் அதன் நாட்பொழுதும் மாறுபடும் எனக் கண்டனர். ஓரினத்து ஈக்களுக்கு நாளொன்று 19 மணித்தியாலம். இன்னோரினத்துக்கு 28 மணித்தியாலம். மற்றோரினத்துக்குப் பொழுதென்பதே இல்லை. பீரியட் எனப் பெயர்பெற்ற அப்பரம்பரையலகின் தொழிற்பாட்டை விளக்கிய ஹோல், றொஸ்பாஷ், யங் ஆகிய மூவரும் 2017இல் நோபெல் பரிசு பெற்றனர்.

முலையூட்டிகளின் உடலிலும் இவ்வமைப்பே உண்டு. ஆயின் அது மேலும் விரிந்தது. குளொக், பீமால் என்னும் இரு புரதங்கள் ஒன்றுகூடி, பீரியட், கிரிப்டோகுறோம் என்னும் பரம்பரையலகுகளைத் தூண்டுகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்கள் கலத்திற் சிறிது சிறிதாகப் பெருகி, கருவினுட் புகுந்து, தம்மைத் தோற்றுவித்த அவ்விரண்டையுமே அடக்குகின்றன. பின்னர் அவை சிதைய, அடக்குவாரின்றித் தூண்டல் மீண்டும் தொடங்குகின்றது. இச்சுற்று ஒருமுறை நிறைவெய்த ஏறத்தாழ 24 மணித்தியாலம் செல்லும். பீமாலின் அளவைக் கூட்டியும் குறைத்தும் இச்சுற்றினை நிலைபெறச் செய்யும் துணைச் சுற்றொன்றும் உண்டு. கிரிப்டோகுறோம் இரண்டும் அற்ற சுண்டெலி, இடையறா இருளில் வைக்கப்படின் பொழுதறியாது உழலும்.

உடலிலுள்ள கலங்களுட் பெரும்பாலானவை இத்தகைய கடிகாரத்தை உடையன. அவற்றுக்கெல்லாம் தலைமைக் கடிகாரம், மூளையின் அடியில், கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. அதில் இருப்பவை ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்களே. ஹாம்ஸ்ரர் என்னும் சிறு விலங்கில் 20 மணித்தியால நாளையுடைய ஓரினம் 1988இல் அறியப்பட்டது. அதன் தலைமைக் கடிகாரப் பகுதியை, அப்பகுதி நீக்கப்பட்ட வேறொரு ஹாம்ஸ்ரருக்கு ஒட்டியபோது, பெற்ற விலங்கு கொடுத்த விலங்கின் பொழுதுக்கே ஒழுகலாயிற்று. இவ்வாய்வு 1990இல் வெளியாயிற்று. பொழுது என்பது குணத்தில் மட்டுமன்று, இழையத்திலும் குடியிருக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மனிதரும் இதற்கு விலக்கல்லர். மாலை ஏழரை மணியளவில் உறங்கி, விடியுமுன் நாலரை மணிக்கு எழும் குடும்பமொன்றில், இரண்டாம் பீரியட் பரம்பரையலகின் விகாரமே அதற்குக் காரணமென 2001இல் அறியப்பட்டது. நம்மூரிற் பிறந்திருப்பின் அவர்களைத் தவசீலர் என்று வாழ்த்தியிருப்போம்! வளரிளம் பருவத்திலோ கடிகாரம் இயல்பாகவே பின்தள்ளிச் செல்லும். ஆதலாலன்றோ அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், அப்பருவத்தினர்க்குரிய பாடசாலைகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கலாகாது என 2014இல் வேண்டிக்கொண்டது. நாமோ ஏழரை மணிப் பாடசாலைக்கும் முன்னதாக, பொழுது புலராமுன்பே மாணவரைத் தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றோம்.

இதனை மாணவர் தமக்கொரு சாட்டாகக் கொள்ளுதல் தகாது. தலைமைக் கடிகாரத்தைத் திருத்துவது கண்வழிப் புகும் ஒளி. காலையொளி அதனை முன்தள்ளும். இரவில் நெடுநேரம் நோக்கும் கைத்தொலைபேசியின் ஒளி அதனைப் பின்தள்ளும். நள்ளிரவுவரை திரையை நோக்கியிருந்துவிட்டு இயற்கையைப் பழிப்பவனுக்கு உயிரியல் துணைநில்லாது.

ஆகவே பொறுப்பு எல்லோர்க்கும் உரியது. சூரியோதயத்துக்கு முன் தொடங்கும் வகுப்புகளைப் பெற்றோர் மறுத்தல் வேண்டும். இன்று பெற்றோராய் விளங்கும் பழைய மாணவர் இதற்கு வழிகாட்டலாம். கடினமான பாடங்களை முதற் பாடவேளையில் அமைப்பதை ஆசிரியராகிய நாம் தவிர்த்தல் வேண்டும். மாணவர் இரவில் உரிய நேரத்திற் கைத்தொலைபேசியை அணைத்தல் வேண்டும். கல்லூரி மணியை நாம் வேண்டியபோது அடிக்கலாம். உடலுள் ஒலிக்கும் மணியோ ஒளிக்குச் செவிசாய்க்குமேயன்றி, நமது அதட்டலுக்குச் செவிசாய்க்காது.