வெளிநாட்டு வணிகர்களிடம் தேங்கிய சரக்குத் தொகையை மீட்க உதவி கோரும் மனு

புது தில்லி, மத்திய வர்த்தக, தொழில்துறை அமைச்சர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, கரூர் வட்டாரத்து வீட்டு உபயோக ஜவுளிச் சிறு ஏற்றுமதியாளர்களின் சங்கத்தார் வணக்கத்துடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம்:

மேசை விரிப்பு, சமையலறைத் துவாலை, திரைச்சீலை முதலியவற்றை எங்கள் ஊரில் நெய்தும் தைத்தும், தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிப் பிழைப்பவர்கள் நாங்கள். ஜனவரிதோறும் பிராங்க்பர்ட் நகரில் கூடும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சியிலோ ஏஜெண்டுகளின் மூலமாகவோ கிடைக்கும் ஆர்டருக்கு எல்.சி. என்னும் வங்கிக் கடனுறுதிக் கடிதம் கேட்டால் அது வேறொருவரிடம் போய்விடுமென்ற அச்சத்தால், சரக்கு சேர்ந்து 60 அல்லது 90 நாள் கழித்துப் பணம் என்னும் நிபந்தனைக்கு இணங்குகிறோம். அவ்வாறு அனுப்பிய சரக்கு விற்றுத் தீர்ந்த பின்பும் தொகை வராமல், நூல் வியாபாரிக்கும் சாயப்பட்டறைக்கும் தையற்காரர்களுக்கும் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் அங்கத்தினர்களின் துயரமே இம்மனுவுக்குக் காரணம்.

இதே சரக்கை மும்பை வியாபாரி ஒருவருக்கு விற்றிருந்தால், 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் தவணையை 45 நாளுக்குமேல் நீட்டவிடாமல் தடுத்து, தாமதத்துக்குக் கூட்டு வட்டியும் விதித்து, வழக்கைத் தீர்க்க ஒரு மன்றத்தையும் அளித்திருக்கும். அம்மன்றத்தின் அதிகாரமோ, வாங்குபவர் இந்தியாவுக்குள் இருக்கும் வரையில்தான். இங்குள்ள நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றாலும், பரஸ்பர ஏற்பாடுள்ள பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் அதை நிறைவேற்றலாமேயன்றி, அமெரிக்காவுடனும் ஜெர்மனியுடனும் அத்தகைய ஏற்பாடு இல்லாமையால் அங்கே புதிதாக வழக்காட வேண்டியிருக்கிறது. சிறிய ஷிப்மெண்டின் தொகை வழக்கறிஞர் கட்டணத்திலேயே கரைந்துவிடும்.

இத்தகைய நஷ்டத்துக்கென்றே 1957 இல் சர்க்கார் தோற்றுவித்த இ.சி.ஜி.சி. நிறுவனத்தின் பாலிசியைப் பிரீமியம் செலுத்தி எடுத்தே வருகிறோம். வாங்கியவர் திவாலானாலோ, பணம் தராமல் காலங்கடத்தினாலோ அந்நிறுவனம் ஈடு தருகிறது என்பதை நன்றியுடன் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் சரக்கின் தரம் குறைவென்று அவர் ஒரு வரி எழுதிவிட்டால் அது தகராறாகிவிடுகிறது. அவருடைய நாட்டு நீதிமன்றத்தில் எங்களுக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றுவந்தாலன்றி ஈட்டுத்தொகை கிடைப்பதில்லை. இதை அறிந்த கடனாளி அந்த ஒரு வரியை எழுதத் தயங்குவதே இல்லை. அவருடைய ஏஜெண்டே எங்கள் தொழிற்கூடத்துக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, சாயமும் தையலும் அளவும் சரியென்று கையொப்பமிட்ட இன்ஸ்பெக்‌ஷன் சான்று இருக்கவும், சரக்கு முழுவதும் அவர் கடைகளில் விற்பனையாகிவிட்டிருக்கவும், பணம் செலுத்தும் தவணை வந்தபின் எழுப்பப்படும் குறையை உண்மையான தகராறென்று ஏற்பது எந்த நியாயத்துக்கும் பொருந்தாது.

ஈடு மறுக்கப்பட்டதோடு துன்பம் நிற்பதில்லை. அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி தொகை ஏன் வரவில்லையென்று வங்கி கேட்கிறது. ஏற்றுமதிக்காகத் திரும்பப் பெற்ற வரியான டியூட்டி டிராபேக்கைத் திருப்பிக் கட்டுமாறு சுங்க இலாகா நோட்டீசு அனுப்புகிறது. இ.சி.ஜி.சி. ஈடு தந்து, ரிசர்வ் வங்கி தள்ளுபடிக்கு இசைந்து, நம் தூதரகமும் தொகை வசூலாகவில்லையெனச் சான்றளித்தால் டிராபேக்கைத் திருப்ப வேண்டியதில்லை என்று விதியில் இடமுண்டு. முதற்படியிலேயே தடுக்கப்பட்டவனுக்கு அவ்விதியால் யாது பயன்?

ஆகவே, வாங்குபவரின் பிரதிநிதி கையொப்பமிட்ட சான்றும் சரக்கைப் பெற்றுக்கொண்ட ஆதாரமும் உள்ள இனங்களில், தரக்குறையை மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர்மீதே சுமத்தி, குறித்த காலத்துக்குள் அவர் பரிசோதனை அறிக்கை காட்டத் தவறினால் ஈடு வழங்குமாறு இ.சி.ஜி.சி.க்கு உத்தரவிட வேண்டுமென்பதே எங்கள் தலையாய பிரார்த்தனை. அதுவரை டிராபேக் வசூலை நிறுத்திவைக்க வேண்டும். வெளிநாட்டு வணிகக் கொள்கையின் வர்த்தகத் தகராறு அத்தியாயத்தின்கீழ் நாங்கள் கொடுக்கும் புகார்களைத் தூதரகங்களின் வர்த்தகப் பிரிவினர் கடனாளியிடம் நேரில் எடுத்துச்சொல்லி, விளைவை எங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். எங்கள் கடிதங்களுக்கு மறுமொழி தராதவரும் ஒரு ராஜ்யத்தின் கடிதத்தை எளிதில் ஒதுக்கமாட்டார். மேலும், 1958 ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இந்தியாவோடு அமெரிக்காவும் ஜெர்மனியும் அங்கம் வகிப்பதால், மத்தியஸ்தத் தீர்ப்புக்கு அந்நாடுகளில் நம் நீதிமன்றத் தீர்ப்புக்கு இல்லாத செல்வாக்கு உண்டு. ஆதலால் சிறு தொகைகளுக்கேற்ற குறைந்த கட்டண மத்தியஸ்த ஏற்பாடு ஒன்றையும், ஆர்டரிலேயே சேர்க்கத்தக்க மாதிரி ஷரத்தையும் சர்க்காரே வகுத்துத் தரக் கோருகிறோம்.

சான்றுகளோடும் கடிதப் போக்குவரத்தோடும் எங்கள் பிரதிநிதிகள் நேரில் வந்து விளக்க ஒரு நாளைக் குறித்தருளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத் தலைவரும் செயலாளரும்,
கரூர்