பதினெட்டு வயது ஆனது கோர்ட்டுக்குத் தெரியாதா?

வங்கியில் வேலை பார்த்த காலத்தில், கம்பம், சின்னமனூர் பக்கத்துக் கிளைகளில் ஒருவகை டெபாசிட் ரசீதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் ‘மைனர்’ என்றிருக்கும். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் பணமோ கடனோ தரக்கூடாது என்று குறுக்கே எழுதியிருக்கும். விபத்தில் தகப்பனையோ தாயையோ பறிகொடுத்த பிள்ளைக்கு வந்த நஷ்டஈடு அது. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

பணத்தைப் பூட்டி வைப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பூட்டாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடியுமுன்னே சித்தப்பா, மாமா என்று உறவு முளைக்கும். ஆறு மாதத்தில் யார் வீட்டு வாசலிலோ புது பைக் நிற்கும். பிள்ளை சத்துணவுக்கு வரிசையில் நிற்கும். இதைத் தடுக்கத்தான் சூசம்மா தாமஸ் வழக்கில் 1993ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. மைனரின் பணத்தை, குறைந்தது அவர் மேஜர் ஆகும்வரை, நீண்டகால டெபாசிட்டில் போட வேண்டும் என்றது.

அதே தீர்ப்பில் இன்னும் சில வரிகள் உண்டு. பிள்ளையின் செலவுக்குக் கார்டியன் பணம் எடுக்க அனுமதிக்கலாம். வட்டியை மாதாமாதம் நேராகக் கொடுக்கலாம். அவசரமென்றால் மனுப் போடலாம். தீர்ப்பாயங்களில் பல, பூட்டுகிற வரியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன. இப்படி இயந்திரம் மாதிரி உத்தரவு போடாதீர்கள் என்று 2012ல் ஏ.வி.பத்மா வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், உத்தமபாளையம் பக்கம். பிளஸ் டூவில் நல்ல மார்க். அவள் பெயரில் சில லட்சம் டெபாசிட்டில் இருந்தது. கல்லூரிக் கட்டணத்துக்கு ஜூன் மாதம் மனுப் போட்டார்கள். தாயார் களையெடுக்கிற கூலியை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறினார். உத்தரவு வந்தது அக்டோபரில். கட்டணத்தைக் கந்துவட்டிக்கு வாங்கித்தான் கட்டினார்கள். சொந்தப் பணம் ஏழு சதவீத வட்டியில் தூங்க, கடன் மாதம் மூன்று வட்டியில் ஓடியது. இது யாருக்குப் பாதுகாப்பு?

பதினெட்டு முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. டெபாசிட் முதிர்ந்தது பிள்ளைக்குத் தெரியாமலே போகலாம். தாயார் இறந்திருப்பார், வக்கீல் தொழிலை விட்டிருப்பார், குடும்பம் திருப்பூருக்குப் போயிருக்கும். இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்த நஷ்டஈடு குஜராத்தில் மட்டும் 280 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே ஓய்வு பெற்ற ஒரு மாவட்ட நீதிபதி எழுதிய கடிதத்தால் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மனுதாரரின் வங்கிக் கணக்கு, ஆதார், பான் விவரங்களைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டும், உரியவர்களைத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உத்தரவு வந்தது.

தேடிப்போகிற நிலைமையே வரக்கூடாது என்கிறேன். பிறந்த தேதி கோர்ட்டுக் கட்டிலேயே இருக்கிறது. பதினெட்டு முடிகிற அன்று பணம் பிள்ளையின் கணக்கில் விழட்டும் என்று தீர்ப்பிலேயே ஒரு வரி எழுதினால் என்ன? படிப்புக் கட்டணத்தை மனுவின்றி நேராகக் கல்லூரிக்கே அனுப்பச் சொன்னால் எந்தச் சித்தப்பா எடுத்துவிடுவார்?

அதுவரை, உங்கள் தெருவில் இப்படி ஒரு ரசீது இருந்தால் முதிர்வுத் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். தேனியில் மாவட்டக் கோர்ட்டிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. மனுவுக்காக யாரும் வட்டிக்கு வாங்க வேண்டாம்.