கண்ணுக்குத் தெரியாத ஒளி

மயிலாப்பூர் மாட வீதிகளிலோ தி.நகர் சந்துகளிலோ அண்ணாந்து பார்த்தால் வானத்தோடு கறுப்பு வயர்களும் சேர்ந்தே தெரியும். விளக்குக் கம்பத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து மொட்டை மாடிக்கு என்று தாவிப் போகும் இவற்றில் பல இன்று செம்பு அல்ல, கண்ணாடி. அதாவது ஃபைபர் கேபிள்.

கண்ணாடி ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்தும் இல்லை என்பது பொதுவான எண்ணம். இது பாதி உண்மைதான். கேபிள் தொய்யாமல் இருக்க அதோடு ஒட்டி வரும் எஃகுக் கம்பி மின்சாரத்தைக் கடத்தும். அந்தக் கம்பியை வெளிச்சுவரிலேயே கட்டி வெட்டிவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவருவதே முறை.

அடுத்தது கண். இழையில் ஓடும் ஒளியின் அலைநீளம் 1310, 1490, 1550 நானோமீட்டர். இவை மனிதக் கண்ணுக்குத் தெரியாதவை. வெளிச்சம் கூசினால் இமை தானாக மூடும். தெரியாத ஒளிக்கு இமை எப்படி மூடும்? வீட்டுக்கு வந்து சேரும் ஒளி பலவீனமானது என்பது சரியே. ஆனால் "லைட் வருதா" என்று நுனியைக் கண்ணருகே பிடித்துப் பார்க்கும் பழக்கம் வீட்டோடு நிற்பதில்லை. அதே பையன் நாளை கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் இழையைக் கையில் எடுப்பான். அங்கே ஒளி பல மடங்கு அதிகம். ஒளியைப் பார்க்க வேண்டியது பவர் மீட்டர், கண் அல்ல!

மூன்றாவது ஆபத்துதான் சென்னை வீடுகளுக்கே உரியது. மேலுறையை உரித்தால் இழையின் தடிமன் 125 மைக்ரோமீட்டர், அதாவது 1 மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெட்டி விழும் துண்டு தரையில் கண்ணுக்கே படாது, குத்தினால் உள்ளேயே முறிந்துவிடும். பாதுகாப்பு விதிகள் ஷூ போடச் சொல்கின்றன. இங்கோ வேலைக்கு வருபவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குழந்தை தவழும், தட்டு வைத்துச் சாப்பிடும் அதே ஹாலில் உட்கார்ந்து வேலை செய்கிறார். தீர்வு எளியது. ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் வெட்ட வேண்டும். துண்டுகளை டேப்பில் ஒட்டியெடுத்து மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். கை கழுவும்வரை கண்ணைக் கசக்கவோ எதையும் சாப்பிடவோ கூடாது.

கடைசியாக மோடத்தில் சொருகுவது. ஒளி போகும் மையப்பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர்தான். ஒரு தூசி போதும், சிக்னல் விழுந்துவிடும். சொருகும் முன் துடைக்க வேண்டும், சொருகாதபோது மூடி போட்டு வைக்க வேண்டும். பச்சை முனையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. அதை நீல முனையோடு சேர்த்தால் இணைப்பு சரியாக இருக்காது.

இதற்கெல்லாம் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகலாம். நாளைக்கு இத்தனை கனெக்ஷன் என்று கணக்குப் பார்க்கும் வேலையில் அந்தப் பத்து நிமிடத்தை யார் தருவது? பவர் மீட்டரும் துண்டு போடும் டப்பாவும் வாங்கித் தருவது நிறுவனத்தின் கடமை. "சீக்கிரம் முடிங்க" என்று விரட்டாமல் "மெதுவா பண்ணுங்க தம்பி" என்று சொல்லி ஒரு பேப்பரை நீட்டுவது வீட்டுக்காரரின் கடமை.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார்கள். கடலுக்கடியில் காட்டிய அக்கறையில் கொஞ்சம், அடையாறு ஃபிளாட்டின் கடைசிப் பத்தடிக்கும் வேண்டாமா?