வரி இல்லை, செலவு உண்டு

அமெரிக்காவில் 2022-இல் வட்டி விகிதங்கள் உயரத் தொடங்கிய பிறகு, 'அன்யூட்டி' எனப்படும் பழைய ஆண்டுத்தொகை ஒப்பந்தங்கள் பலவும் களையிழந்து காணப்படுகின்றன. குறைந்த வட்டிக் காலத்தில் வாங்கியதை விடுத்துப் புதியதற்கு மாறுங்கள், வரி கிடையாது என்று முகவர்கள் கூறும்போது மறுப்பது எளிதன்று.

அவர்கள் கூறுவது பொய்யும் அன்று. வருமான வரிச் சட்டத்தின் 1035-ஆவது பிரிவு 1954 முதலே இந்தச் சலுகையை வழங்குகிறது. ஒரு லட்சம் டாலர் செலுத்திய ஒப்பந்தம் இன்று 1,60,000 டாலராக வளர்ந்திருப்பதாகக் கொள்வோம். அதை முறித்துப் பணம் பெற்றால் 60,000 டாலரும் அந்த ஆண்டின் வருமானம். ஐம்பத்தொன்பதரை வயது நிறையாதவர் பொதுவாக அதன்மீது மேலும் 10 சதவீதம் கட்ட நேரிடும். அதையே வேறோர் ஆண்டுத்தொகை ஒப்பந்தமாக மாற்றினால் அப்போது வரி இல்லை. ஆனால், தொகை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாகச் செல்ல வேண்டும். காசோலையை நாமே வாங்கிப் பணமாக்கிவிட்டால் சலுகை போய்விடும்.

உண்மையில் இது வரிவிலக்கு அல்ல, ஒத்திவைப்பு மட்டுமே. புதிய ஒப்பந்தத்திலும் அடக்கவிலை அதே ஒரு லட்சம்தான். உரிமையாளர் இறந்தாலும் அந்த வரி மறைவதில்லை. வாரிசின் தலையில் விழுகிறது. பரம்பரையாக வரும் பங்குகளுக்குக் கிடைக்கும் சலுகை இதற்குக் கிடையாது.

பெரிய இடர் வரிச் சட்டத்துக்கு வெளியே இருக்கிறது. புதிய ஒப்பந்தத்துடன் சரண்டர் கட்டணக் காலமும் பெரும்பாலும் புதிதாகத் தொடங்குகிறது. ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை அது நீள்வது வழக்கம். பழைய ஒப்பந்தத்தில் அக்காலத்தைக் கடந்துவிட்ட எழுபது வயதுக்காரர் மீண்டும் முதலாம் ஆண்டில் நிற்கிறார். முகவருக்கோ புதிய கமிஷன்.

கண்காணிப்பு இல்லாமல் இல்லை. சந்தையோடு ஏறி இறங்கும் ஒப்பந்தங்களைப் பரிந்துரைப்பவர், வாடிக்கையாளர் முந்தைய 36 மாதங்களுக்குள் வேறு மாற்றம் செய்தாரா என்று பார்க்க வேண்டும் என்கிறது ஃபின்ரா அமைப்பின் 2330-ஆவது விதி. நிலையான வட்டி ஒப்பந்தங்கள் மாகாணக் காப்பீட்டுத் துறைகளின் பொறுப்பு. அங்கே பெரும்பாலான மாகாணங்கள் பின்பற்றும் மாதிரி விதிப்படி, தாம் பெறும் தொகையின் மதிப்பீட்டை வாடிக்கையாளர் கேட்டால் மட்டும் முகவர் சொன்னால் போதும்.

கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. 1035-ஆவது பிரிவில் கைவைக்கத் தேவையில்லை. மாற்றப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே முகவரின் கமிஷனும் ஒவ்வோர் ஆண்டின் சரண்டர் கட்டணமும் டாலர் கணக்கில் அச்சாக வேண்டும்.