வரியும் கட்டணும், வாசல்லயும் கட்டணுமா?

என் அம்மையின் வீட்டு வரி ரசீது ஒன்று கையில் இருக்கிறது. அதில் நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கிறது. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தின் வரி இது. கூடங்குளத்துப் பக்கத்துச் சேரியில் பீடி சுற்றிய துட்டில் அவள் கட்டியது.

ஏழாவது படிக்கும்போது ஊருக்குள் இருந்த நூலகத்துக்குப் போனேன். "ஏல, காப்புத்தொகை கொண்டாந்தியா? சந்தா?" இல்லை என்றேன். "அப்ப பேப்பர மட்டும் பாத்துட்டுப் போ." வீட்டில் கேட்டேன். "இந்த வாரக் கூலி கடைக்காரனுக்குல்லா போவுது" என்றாள் அம்மை. அதோடு முடிந்தது.

சொற்பத் துட்டுதானே, இனாமாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது என்கிறார்கள். இனாம் என்று எவன் சொன்னது? வரி கட்டியாச்சு! நூலகத்துக்கு வருமானம் வேண்டுமா? வசூலித்த நூலக வரியை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் பாக்கி வைத்திருக்கும் உள்ளாட்சிகளிடம் போய்க் கேளுங்கள். ஏழாவது படிக்கிற பிள்ளையிடம் கேட்காதீர்கள்.

தோழர்களே, கட்டணம் வெறும் பணமல்ல. அது ஒரு வாசல். சாதியைச் சொல்லி மறித்தால் இன்று வழக்கு வரும். துட்டைச் சொல்லி மறித்தால் வராது. ஆனால் வெளியே நிற்பது அதே ஆள்தான். அயோத்திதாசப் பண்டிதருக்கு இது தெரியும். 1907இல் பத்திரிகை தொடங்கியபோது விலையையே பெயராக வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'.

புத்தகத்தோடு போனால் பரவாயில்லை. உயிர் சம்பந்தப்பட்ட தகவலுக்கும் இதே கதைதான். 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டார்கள். எங்கள் தலைமாட்டில் அணு உலை வந்தது. அது பத்திரமானதா என்று கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனுவுக்கு 10 ரூபாய், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆயிரம் பக்க அறிக்கை என்றால் இரண்டாயிரம் ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணமில்லை என்கிறது பிரிவு 7(5). நல்லது. அந்தச் சான்றுக்கு அலைகிற நாளின் கூலியை யார் தருவது?

கட்டினால் மட்டும் கிடைத்துவிட்டதா? சுப. உதயகுமார் கேட்ட பாதுகாப்பு ஆய்வு அறிக்கையைத் தரச்சொல்லி 2012 ஏப்ரல் 30இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அணுமின் கழகம் அறிக்கையைத் தரவில்லை. டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பத்து ரூபாய் வாசலைத் தாண்டினால் அடுத்த வாசலில் வக்கீல் நிற்கிறார்.

அதே சட்டத்தின் பிரிவு 4ஐப் படியுங்கள். மக்கள் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும், வட்டார மொழியைக் கருத்தில்கொள்ள வேண்டும் என்கிறது. மக்களுக்கான நூலகமோ படிப்பறையோ வைத்திருந்தால் அதன் நேரத்தையும் அறிவிக்கச் சொல்கிறது. அப்படியானால் அணு உலை பற்றிய அறிக்கைகளும், விபத்து நடந்தால் எந்த வழியாக ஓடுவது என்ற திட்டமும் தமிழில், கூடங்குளத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊர் நூலகத்திலும் இருக்க வேண்டும். துட்டில்லாமல்.

காப்புத்தொகையை, சந்தாவை ஒழி! எங்கள் உயிர் பற்றிய தாளுக்குப் பக்கக் கணக்கில் விலை வைக்காதே!

மாணவத் தோழர்களே, நாளைக்கே உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போங்கள். காப்புத்தொகை கேட்டால் அதை மேசைமேல் வையுங்கள். "எங்க அம்மை ஏற்கெனவே கட்டிட்டா" என்று சொல்லுங்கள்.