அந்த அக்கா நான்தான்

சம்பளம் வரவில்லை என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரவில்லை. முதலில் பத்து நாள் தள்ளி வந்தது, பிறகு பாதியாக வந்தது, அப்புறம் மெசேஜ் மட்டும் வந்தது. "ஃபண்டிங் க்ளோஸ் ஆகிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க, நாம எல்லாம் ஒரே ஃபேமிலி." ஃபேமிலியாம்! எந்தக் குடும்பத்தில் அண்ணன் புதுக் கார் எடுத்த மாதமே தங்கச்சியைப் பார்த்து, ஹாஸ்டல் வாடகைக்கு எங்கேயாவது கைமாற்று வாங்கிக்கோ என்பான்?

சம்பளம் போனால் போகிறது என்று சொல்லும் வசதி எனக்கில்லை. அப்பா அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர். ஆனாலும் சம்பளத்தை மட்டும் எடுத்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வேறொன்றையும் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்ல இத்தனை நாள் வாய் வரவில்லை.

ஓஎம்ஆரில், துரைப்பாக்கம் பக்கம் ஆபீஸ். பிள்ளை பெற்ற பெண்களுக்கான தமிழ் ஆப். என் வேலைக்கு கம்யூனிட்டி மேனேஜர் என்று பெயர். ஆனால் ஆப்பில் என் பெயர் கிடையாது. அங்கே 'யாழினி அக்கா' என்று ஒருத்தியை உண்டாக்கி வைத்திருந்தார்கள். மஞ்சள் சுடிதாரில் சிரித்த முகமாக, காசு கொடுத்து வாங்கிய யாரோ ஒரு மாடலின் படம். அந்தப் படத்துக்குப் பின்னால் ஷிஃப்ட் போட்டு மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தோம். இரவு ஷிஃப்ட் பெரும்பாலும் எனக்கு.

இரவில்தான் அவர்கள் வருவார்கள். வீடு தூங்கின பிறகு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் டைப் அடிப்பார்கள். எழுத்துப்பிழையோடு வரும். பால் ஊறவே இல்லக்கா. மூணாவதும் பொண்ணுன்னு அவர் இன்னும் வந்து பாக்கலக்கா. தையல் போட்ட இடம் சீழ் வைக்குது, சொன்னா மாமியார் திட்டுவாங்கக்கா. ஒருநாள் இரண்டரை மணிக்கு ஒருத்தி எழுதினாள்: "பிள்ளையையும் தூக்கிட்டு கிணத்துல விழுந்துடலாம்போல இருக்குக்கா."

கம்பெனி எனக்குக் கொடுத்திருந்த பதில் ஒரு எக்ஸெல் ஷீட்டில் இருந்தது. இப்படி எழுதினால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அனுப்பு, ஒரு இதயப் படம் போடு, அடுத்த மெசேஜுக்குப் போ. இருபத்துநாலு வயதுப் பெண் நான். பிள்ளை பெற்றதில்லை, மருத்துவம் படித்ததில்லை, யாரும் ஒரு நாள்கூடப் பயிற்சி கொடுத்ததில்லை. 104-ஐக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அடுத்த மெசேஜுக்குப் போகாமல் விடியும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். "சாப்பிட்டியாமா? முதல்ல எழுந்து ஒரு சொம்பு தண்ணி குடி. குடிச்சிட்டு வந்து சொல்லு, நான் இங்கதான் இருக்கேன்." அப்படித்தான் பேசுவேன். எங்கம்மா என்னிடம் பேசும் பேச்சு அது. மறுநாள் ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் கேட்டார்கள், இரவு ஷிஃப்ட்டில் ஏன் ரெஸ்பான்ஸ் டைம் கூடியிருக்கிறது என்று.

பெண் பெயரில் கணக்குத் திறந்து உள்ளே வந்த ஆண்கள் எத்தனை பேர்! பால் புண்ணுக்கு மருந்து கேட்டு யாரோ ஒரு தாய் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு போய், அவளுக்கே அனுப்பி மிரட்டினான் ஒருவன். அந்த அசிங்கத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் பார்த்து அழிக்கிற வேலையும் எங்களுடையதுதான். புதுக் கணக்குகளைச் சரிபார்த்து உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினோம். விடவில்லை. சரிபார்த்தால் புதிதாகச் சேருகிறவர்களின் எண்ணிக்கை குறையுமாம், முதலீட்டாளருக்குக் காட்டும் கோடு கீழே இறங்குமாம். அந்தக் கோடு இறங்கக் கூடாதென்று எத்தனை பெண்களின் மானத்தை வாசலில் போட்டுவைத்தீர்கள்? 2020-ல் அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்காக இதே வேலையைப் பார்த்து மனம் சிதைந்தவர்களுக்கு 5.2 கோடி டாலர் தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. வழக்குப் போட்ட பிறகுதான், சும்மா இல்லை. எங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் பீட்சா வந்தது.

எங்களுக்காவது பீட்சா. எங்களோடு சேர்ந்து அந்த இடத்தைக் காத்தார்களே சில தாய்மார்கள், அவர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? 'சூப்பர் அம்மா' என்று பெயருக்குப் பக்கத்தில் ஒரு பேட்ஜ். சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில் புதியவர்களுக்குப் பதில் எழுதினார்கள், சண்டையை விலக்கினார்கள், தப்பான ஆளைக் காட்டிக்கொடுத்தார்கள். ஒரு பைசா கிடையாது. இது நம் ஊரில் முளைத்த தந்திரமில்லை. அமெரிக்காவில் ஏஓஎல் நிறுவனம் இப்படி வேலை வாங்கிய தன்னார்வலர்கள் 1999-ல் நீதிமன்றம் போனார்கள், 2010-ல்தான் 1.5 கோடி டாலருக்கு அது தீர்ந்தது. எங்கள் சூப்பர் அம்மாக்களுக்கு எந்த நீதிமன்றம்? அவர்கள் உழைத்தார்கள் என்பதற்கே என்ன சாட்சி இருக்கிறது?

ஏன் இந்த வேலைக்குப் போனாய் என்று கேட்பீர்கள். 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் நாஸ்டாக்கில் ஏறியபோது, அங்கே வேலை பார்த்த 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. திருச்சிக்காரர் ஒருவர் சென்னையில் தொடங்கிய கம்பெனி. அது பொய்யில்லை, அவர்கள் சம்பாதித்தது அவர்கள் உழைப்பு. ஆனால் அந்த ஒரு செய்தியைக் காட்டியே எத்தனை பேர் எத்தனை பிள்ளைகளைப் பாதிச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொண்டார்கள் என்று யாராவது எழுதினார்களா? எனக்கும் அதைத்தான் காட்டினார்கள். "கையில் வர்றது கம்மிதான், ஆனா ஈசாப் இருக்கு, கம்பெனியில பங்கு. நீயும் ஓனர்."

ஓனர்! முதல் வருடம் முடியும்வரை ஒரு பங்குகூடக் கிடையாது. மொத்தமும் கைக்கு வர நான்கு வருடம். வந்தாலும் காசு கட்டித்தான் பங்காக மாற்ற வேண்டும், அதற்கு வரி தனி. கம்பெனியை விற்றால் முதலீட்டாளர் போட்ட பணம் முதலில் போகும், மிஞ்சினால்தான் நமக்கு. மிஞ்சாது என்பதை யார் சொன்னார்கள்? பைஜூஸைப் பாருங்கள். 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்றார்கள், 2024 ஜூலையில் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. அங்கே 'நீயும் ஓனர்' என்று சொல்லப்பட்ட பிள்ளைகளின் கையில் இருந்த காகிதத்துக்கு என்ன விலை?

அப்பாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் என்றபோது நான் தைரியமாகத்தான் இருந்தேன். பிஎஃப் இருக்கிறதே, மருத்துவச் செலவுக்கு முன்பணம் எடுக்கலாமே. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு பாஸ்புக்கைத் திறந்தேன். முதல் சில மாதங்களுக்கு வரவு இருந்தது. அதன்பிறகு ஒன்றுமே இல்லை. என் சம்பளச் சீட்டில் மாதாமாதம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்திருக்கிறார்கள், பாதிச் சம்பளம் போட்ட மாதத்திலும் பிடித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய பணம். கட்டவே இல்லை. என் கூலியிலிருந்து எடுத்து, என் பெயரைச் சொல்லி எடுத்து, எங்கே கொண்டுபோனீர்கள்? ஃபேஸ்புக் விளம்பரத்துக்கா? கோவா ஆஃப்சைட்டுக்கா? இதற்குச் சட்டத்தில் நம்பிக்கை மோசடி என்று பெயர். ஆபீஸில் என்ன பெயர் தெரியுமா? 'கேஷ் ஃப்ளோ இஷ்யூ.'

இது எப்படி யார் கண்ணிலும் படவில்லை? 2016-ல் ஸ்டார்ட்அப் இந்தியா என்று வந்தபோதே வழி செய்துவிட்டார்கள். தொழிலாளர் சட்டங்களை ஒழுங்காகப் பின்பற்றுகிறோம் என்று கம்பெனியே தனக்குச் சான்று கொடுத்துக்கொள்ளலாம். முதலில் மூன்று ஆண்டு என்றார்கள், பிறகு ஐந்தாக்கினார்கள், அதுவரை ஆய்வாளர் வாசலில் கால் வைக்க மாட்டார். அந்தச் சட்டங்களில் பிஎஃப் சட்டமும் ஒன்று. நம்பத்தகுந்த புகார் எழுத்தில் வந்தால் மட்டும், அதையும் மேலதிகாரி ஒப்புக்கொண்டால், எட்டிப்பார்க்கலாமாம். வேலையில் இருக்கிற எந்தப் பெண் எழுத்தில் புகார் கொடுப்பாள்? எழுதியது யார் என்று கண்டுபிடிக்க முப்பது பேர் இருக்கிற ஆபீஸில் எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் அப்பாவின் தறி முதலாளிக்குக்கூட இந்தச் சலுகை யாரும் கொடுக்கவில்லையே!

கடைசியில் ஒரு கூகுள் மீட். எல்லோருடைய மைக்கையும் அணைத்து வைத்திருந்தார்கள். எங்கள் நிறுவனர் பேசினார், கண் கலங்கினார்கூட. பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் என்றால் கோபித்துக்கொள்வார், அவ்வளவு சமத்துவம். அவர் பேசி முடிக்கும் முன்பே ஆபீஸ் சாட்டான ஸ்லாக் எங்களை வெளியே தள்ளிவிட்டது. அதன்பிறகு எச்ஆர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ராஜினாமா என்று மெயில் போடச் சொன்னார். போட்டால் ரிலீவிங் லெட்டர், இல்லாவிட்டால் அடுத்த கம்பெனி விசாரிக்கும்போது 'நடத்தை சரியில்லை' என்று போகும். ஏன் இந்த அவசரம்? ஆட்குறைப்பு என்றால் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று நாங்கள் கேட்க முடியும். தானாகப் போனவளுக்கு எதுவும் இல்லை. ஐடி ஊழியரும் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே சொல்லிவிட்டது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. தெரியாதபடிதானே பீட்சா வாங்கிக் கொடுத்தார்கள்.

இது வரைக்கும் பணம். இனிமேல் சொல்வதுதான் நெஞ்சில் நிற்கிறது.

சந்தா என்று அந்தத் தாய்மார்களிடம் வருடத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வாங்கியிருந்தார்கள். பலருக்கு அது அரிசிப் பானையில் ஒளித்துவைத்த சிறுவாட்டுப் பணம். டாக்டரோடு பேசலாம் என்று ஆசைகாட்டி வாங்கினார்கள், டாக்டர்களுக்குப் பணம் பாக்கி, அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் 'ஏழு வேலை நாட்களில் வந்துவிடும்' என்று யாழினி அக்கா சொல்ல வேண்டும். கஜானா காலி என்று மாடியில் இருந்தவர்களுக்குத் தெரியும். தெரிந்தே அந்த வாக்கியத்தை என் கையில் கொடுத்தார்கள். "உங்கள நம்பித்தானக்கா கட்டினேன். நீங்களும் ஒரு பொம்பளதான?" என்று எழுதினாள் ஒருத்தி. அவள் திட்டியது அந்த மஞ்சள் சுடிதார்ப் படத்தை. படம் எதையும் படிக்காது. படித்தது நான்தான்.

நான் வெளியே வந்த பிறகும் யாழினி அக்கா பேசிக்கொண்டிருந்தாள். என் நம்பர் வைத்திருந்த சூப்பர் அம்மா ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "அக்கா, முன்ன மாதிரி இல்லையே நீங்க, கேட்டதுக்கும் சொல்றதுக்கும் சம்பந்தமில்லாம பேசுறீங்க?" ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினாள். சந்தா பணம் எப்போது வரும் என்று கேட்டிருக்கிறாள். பதில்: "சாப்பிட்டியாமா? முதல்ல எழுந்து ஒரு சொம்பு தண்ணி குடி. நான் இங்கதான் இருக்கேன்."

என் வாக்கியம். எங்கம்மாவின் வாக்கியம். நாங்கள் மூன்று பேரும் ராத்திரி ராத்திரியாக எழுதியதையெல்லாம் ஒரு சாட்பாட்டுக்குள் கொட்டி, அதை அங்கே உட்கார வைத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணைக் கிணற்றங்கரையிலிருந்து திருப்பிய சொல்லை எடுத்து, கடன்காரியை ஏமாற்றுவது போல ஒரு தாயை ஏமாற்றப் பயன்படுத்தினார்கள். இதற்கு எந்தச் சம்பளச் சீட்டில் கணக்கு? என் பேச்சுக்கு யாரிடம் கேட்பது?

பிறகு அதையும் மூடினார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஆப் திறக்கவில்லை. அவ்வளவுதான். 2014-ல் ஆர்குட்டை மூடிய கூகுள்கூட முன்கூட்டியே அறிவித்து, படங்களையும் பதிவுகளையும் எடுத்துக்கொள்ள 2016 வரை இடம் கொடுத்தது. இவர்கள் ஒரு நாள் கொடுத்தார்களா? பிறந்து ஒன்பது மாதத்தில் போய்விட்ட தன் பிள்ளையைப் பற்றி வாரம் தவறாமல் அங்கே எழுதிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. பல்லு முளைத்தது, குப்புற விழுந்தது, எல்லாம் அதில்தான் இருந்தது. பழைய போன் உடைந்த பிறகு வேறெங்கும் படம் இல்லை என்று சொல்லியிருந்தாள். சர்வர் கட்டணம் மிச்சம் பிடித்தீர்களே, எவ்வளவு மிஞ்சியது?

தொழில் நொடிக்கலாம். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். நொடித்தவர்கள் எங்கள் தெருவில் தலைகுனிந்து நடப்பார்கள், பாவு போட்டவனுக்குக் கூலி பாக்கி என்றால் பெண்டாட்டி தாலியைக் கழற்றிக் கொடுப்பாள். நீங்கள் மேடை ஏறுகிறீர்கள். 'தோல்வியிலிருந்து நான் கற்றது' என்று பேசுகிறீர்கள், கைதட்டல் வாங்குகிறீர்கள். கற்றுக்கொண்டதற்கு ஃபீஸ் கட்டியது யார்? 2025 நவம்பரிலிருந்து புதிய சட்டம் நடப்பில் இருக்கிறது, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் பாக்கியைத் தீர்க்க வேண்டுமாம். என் இரண்டு நாள் எப்போது தொடங்கும்?

நான் புகார் கொடுத்துவிட்டேன். எழுத்தில், சம்பளச் சீட்டும் பாஸ்புக்கும் சேர்த்து. சட்டம் எப்படிக் கேட்கிறதோ அப்படி.

எங்கள் நிறுவனர் இப்போது புதுக் கம்பெனி தொடங்கியிருக்கிறார். முதியவர்களுக்கான ஆப்பாம், பேசத் துணையில்லாத தாத்தா பாட்டிகளுக்கு ஆறுதலாகப் பேசுவதற்காம். அதற்குப் பணம் போடப் போகிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். செக்கில் கையெழுத்துப் போடும் முன் அவரைப் பழைய பிஎஃப் ரசீதுகளை எடுத்துவரச் சொல்வீர்களா? அங்கே ஆறுதல் சொல்லப்போவது யார், அவளுக்கு என்ன சம்பளம், அவள் பேச்சை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்பீர்களா?